சேற்றில் தங்கிய வெள்ளி

தொட்டி செத்துவிட்டது என்று முதலில் சொன்னது என் மூக்குதான். சத்தியவேடு பக்கம் அப்போது புதிதாக வந்த துணிக் கம்பெனியில் நான் ஈடிபி ஆபரேட்டர், அதாவது கழிவுநீரைச் சுத்தம் செய்கிறவன். காற்று ஊதிவிடும் ஏரேஷன் டேங்கில் அழுக்கைத் தின்னும் பாக்டீரியா இருக்கும். அது நன்றாக இருந்தால் மண் வாசம் வரும். அன்றைக்கு அழுகல் நாற்றம்.

பாக்டீரியா சுணங்கினால் சாணி கரைத்து ஊற்றுவது எங்கள் வழக்கம். பக்கத்து ஊர் சரோஜா கொண்டுவந்து கொடுப்பாள். இந்த முறை அப்படி ஊற்றியும் அது பிழைக்கவில்லை. கம்பெனி கெமிஸ்ட்டிடம் போய் நின்றேன்.

"நாத்தம் வராத சாக்ஸுக்குப் புது ஃபினிஷிங் போடறோம்பா. நானோ சில்வர். கண்ணுக்கே தெரியாத வெள்ளிப் பொடி. கிருமியக் கொல்லும். நம்ம டேங்க்ல இருக்கறதையும் கொல்லுது போல."

"வெளிய போற அவுட்லெட் தண்ணி தெளிவாத்தானே சார் இருக்கு?"

"இருக்கும். வெள்ளி முக்கால்வாசி அடியில தங்கற சேத்துல, ஸ்லட்ஜ்ல ஒட்டிக்கும்."

அப்பாடா என்று வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. காய்ந்த ஸ்லட்ஜை எருவுக்கு அள்ளிப் போகிறவள் சரோஜாதான். சைக்கிளை மிதித்தேன்.

அவள் கொல்லையில் கீரை பறித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

"சரோஜா, இந்தக் கீரையத் துன்னாதம்மா."

"இன்னாண்ணா ஆச்சு? நான் குடுத்த சாணிதானே மக்கி எருவா வருது. எப்டி பச்சபசேல்னு கீது பாரு."

"சாணி மட்டும் இல்ல, கம்பெனி மருந்தும் அதுல கீது. மண்ணோட நின்னுச்சா, வேருல ஏறிச்சா, எலைக்கு வந்துச்சா, ஒண்ணும் தெரியல."

"டெஸ்ட்டு பண்ணா தெரியும்ல?"

"கம்பெனி லேப்ல அதுக்கு மெஷினு இல்ல."

அவள் கீரைக்கட்டைக் கீழே போட்டாள். "தெனிக்கும் பாப்பாவுக்கு இதத்தாண்ணா கடைஞ்சு ஊட்டிக்கினு கீறேன். உள்ள போனத இன்னா பண்றது?"

குழந்தையைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். குழந்தை நன்றாக இருக்கிறது, ஆனால் இதற்கென்று தனியாகப் பார்க்க வழியில்லை என்றார் டாக்டர். கம்பெனியில் ஸ்லட்ஜை மூட்டை கட்டி, பூட்டி வைக்க ஏற்பாடு செய்தோம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: தண்ணீர் தெளிந்தால் போதாது. அதிலிருந்து பிரிந்தது எங்கே போகிறது, யார் வீட்டுக்குப் போகிறது என்று பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

அந்தப் பெண் குழந்தை வளர்ந்து இப்போது காலேஜ் போகிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அவளுக்குக் காய்ச்சல் என்று காதில் விழுந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.