நான்காம் வீட்டு ரசீது

எழுபதுகளின் கடைசியில் நாகலூரில் எங்களுக்கு நான்கு வாடகை வீடுகள் இருந்தன. வாடகை வசூலிப்பது சித்தப்பாவின் வேலை. நோட்டில் வரவு எழுதி ரசீது கிழித்துக் கொடுப்பது, கையெழுத்து நன்றாக இருந்த காரணத்தால், என் வேலை. ஒன்பது வயதில் ஒரு ஆபீஸையே நடத்துவதாக எனக்கு நினைப்பு.

மூன்று வீடுகளில் வேலை சட்டென்று முடிந்துவிடும். நான்காவதில் பள்ளிக்கூட டீச்சர் தனியாகக் குடியிருந்தார். ஒன்றாம் தேதியே பணத்தை உறையில் போட்டு ஒட்டி வைத்திருப்பார். நான் பேனாவைத் திறந்தால், "இப்ப எழுத வேண்டாங் கண்ணு" என்பார் சித்தப்பா. ரசீது நாளைக்குத் தருவதாக டீச்சரிடம் சொல்வார். மறுநாள் போய், ரசீதுப் புத்தகம் பனியில் நனைந்துவிட்டது என்பார். அதற்கடுத்த நாள் வேறொரு காரணம். காப்பிப் பூ வாசத்தோடு பனி ஜன்னல் வழியாக வந்து அறைக்குள் நிற்கும். மழையைப் பற்றியும், வராத பஸ்ஸைப் பற்றியும் இருவரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நனையாத ரசீதுப் புத்தகத்தை மடியில் வைத்தபடி நான் தூங்கிப்போவேன்.

பங்குனியில் சித்தப்பா சேலம் போயிருந்தபோது அப்பா நோட்டைப் புரட்டினார். நான்காம் வீட்டுக்கு நேரே மூன்று மாதங்கள் வெறுமையாகக் கிடந்தன. என்னையும் அழைத்துக்கொண்டு போய், வீட்டைக் காலி செய்யும்படி டீச்சரிடம் சொன்னார்.

"மூணு மாசமும் குடுத்துட்டனுங்க. ரசீதுதான் வரலீங்க." என்றார் டீச்சர்.

அப்பா நம்பவில்லை. டீச்சர் என்னைப் பார்த்தார். உறைகளைப் பற்றி யாரிடமும் சொல்லக் கூடாதென்று சித்தப்பா எனக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கித் தந்திருந்தார். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"சித்தப்பா பொட்டீல வெச்சிருக்காருங்கப்பா."

பெட்டியில் மூன்று உறைகளும் ஒட்டியபடியே பிரிக்கப்படாமல் இருந்தன. அப்பா அவற்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டு, மூன்று ரசீதையும் என்னை எழுதவைத்தார். ஊர் திரும்பிய சித்தப்பாவிடம், இனி வாடகைக்கு அவர் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னார். திருடனிடம் பேசக் கூடாதென்று நானும் நாலு நாள் முகம் கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் அப்பாவும் நானும் போனோம். பணம் வாங்கிய கையோடு ரசீதைக் கிழித்து நீட்டினேன். டீச்சர் அதை வாங்கிக்கொண்டு, பனிக்குள் மறையும் பாதையைப் பார்த்தபடி நின்றார்.

"இனி உடனுக்குடனே குடுத்துருவியா கண்ணு?"

"ஆமாங்க டீச்சர். ஒரு நாள்கூட நீங்க காத்திருக்க வேண்டாங்க."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. சந்தோஷத்தில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.