இரண்டு விரல் தள்ளி நின்ற பனை

தை மாதத்து வெள்ளிக்கிழமை, காலை ஆறு பத்து. திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் காரைக்குடி வண்டியில் ஏறினேன். தொண்ணூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். மடியில் தாள் ஒட்டிய பலகை, காலடியில் மடக்கு நாற்காலி, பையில் நீர்வண்ணப் பெட்டி. பக்கத்து இருக்கைக்காரர் பலகையைப் பார்த்துவிட்டு, "பரீட்சையா?" என்றார். நாற்பத்தெட்டு வயதில் என்ன பரீட்சை என்று சிரித்து வைத்தேன். ஆனால் அவர் கேட்டது அவ்வளவு தப்பில்லை.

திங்கள் முதல் சனி வரை நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓவியர். அதுவும் மொட்டைமாடியில், செல்பேசிப் படத்தைப் பார்த்து வரைகிற ஓவியர். வெட்டவெளியில் உட்கார்ந்து, கண்ணெதிரே இருப்பதைப் பார்த்து ஒரு படத்தையாவது முழுதாக முடிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதற்காகத்தான் இரண்டு நாள் விடுப்பு.

காலை 8.45, காரைக்குடி. செட்டிநாட்டுக்கு வரைய வருகிறவர்கள் கொத்தமங்கலத்துப் பெரிய வீடுகளைத்தான் தேடிப் போவார்கள். எனக்கு வீடு வராது. வரிசைத் தூண்கள் என் கையில் குடித்தவன் மாதிரி சாயும். வயலும் வானமும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருந்தேன்.

ஆட்டோக்காரர் முருகேசனுக்குக் குன்றக்குடிதான் சொந்த ஊர். பதின்மூன்று கிலோமீட்டருக்கு முந்நூறு ரூபாய் பேசினோம். "வெயில்ல உக்காந்து படம் வரையவா அம்புட்டுத் தூரத்துல இருந்து வாரீக?" என்று இரண்டு முறை கேட்டார். குன்றக்குடியைத் தாண்டி கண்டரமாணிக்கம் பக்கம் மூன்று கிலோமீட்டர் போனதும், "நிறுத்துங்க" என்றேன். கண்மாய் நிறையத் தண்ணீர். அதன் கீழே அறுப்புக்கு நிற்கும் நெல். தூரத்தில் குன்றக்குடி மலை, உச்சியில் முருகன் கோவில். மலை மயில் மாதிரி இருக்கும் என்றார் முருகேசன். என் கண்ணுக்குப் படுத்திருக்கும் பசு மாதிரி இருந்தது. முருகன் மன்னிக்கட்டும்.

ஒரே ஒரு தொல்லை. இரண்டு வயல்களுக்கு நடுவே வரப்பின்மேல் ஒற்றைப் பனை. நான் உட்கார நிழல் கிடைத்த ஒரே இடத்திலிருந்து பார்த்தால், அது சரியாகக் கோவிலை மறைத்துக்கொண்டு படத்தின் நட்டநடுவில் நின்றது. முக்கியமான எதையும் நடுவில் வைக்காதே என்பது படம் வரைகிறவர்களின் பாலபாடம். பென்சிலால் பனையை இரண்டு விரல் அளவு இடப்பக்கம் தள்ளினேன். கோவில் தெரிந்தது. படம் மூச்சு விட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

சனிக்கிழமை காலை ஏழு மணி. இடப்பக்கத்து வயல்காரி வள்ளிக்கண்ணு ஒரு தூக்குச்சட்டியில் காபி கொண்டுவந்தார். ஐம்பது வயதிருக்கும். பலகையோடு வந்த பெண் என்றால் ஆசிரியைதான் என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

"காப்பியக் குடிங்க டீச்சர். ஆறிப்போயிரும்."

"நான் டீச்சர் இல்லீங்க. ரத்தம் எடுக்கிறவ."

"அப்பச் சரி. எனக்குச் சர்க்கரை இருக்கான்னு கையப் பாத்துச் சொல்லுங்க."

கையைப் பார்த்தால் தெரியாது என்று புரியவைப்பதற்குள் வானத்து நீலம் காய்ந்து வரி விழுந்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. மாசியில் அவர் மகளுக்குக் கல்யாணம், அதற்கு நாளைக் காலை ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தக்கால் ஊன்றுகிறார்கள், நானும் வந்தே ஆகவேண்டும் என்றார். அறிமுகமாகி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மனசு நிறைந்துவிட்டது.

ஒன்பது மணிக்குப் படம் முடிந்தது. வள்ளிக்கண்ணு கண்ணாடி கொண்டுவரவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "நம்ம வயலு தங்கமா இருக்கு" என்றார். செல்பேசியில் படம் எடுத்து, கல்யாணத்துக்கென்று வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் உடனே போட்டார்.

ஒன்பதரைக்கு ஒரு மொபெட் சீறிக்கொண்டு வந்து நின்றது. வள்ளிக்கண்ணுவின் கொழுந்தன் சேது. வலப்பக்கத்து வயல் அவருடையது. என்னிடம் வந்து, படத்தின்மேல் விரலை வைக்காமல் வைத்துக் காட்டினார்.

"இந்தப் பனைய யாரு சொல்லி அங்குட்டு நட்டீக?"

"யாரும் சொல்லலீங்க. கோவில் தெரியணும்னு நானேதான்..."

அவர் கேட்கவில்லை. அண்ணன் மனைவி பக்கம் திரும்பினார். "மதினி, பதினோரு வருசமா வாயால கேட்டீக. இப்ப வண்ணத்தால வாங்கிட்டீக. பேப்பர்ல ஏத்தி ஊருக்கே அனுப்பியாச்சு. நாளைக்கு முகூர்த்தக்காலையும் நீங்களே ஊனிக்கங்க."

"ஆத்தாடி, நான் ஒண்ணும் சொல்லலப்பா!" வள்ளிக்கண்ணு பின்னாலேயே ஓடினார். மொபெட் போய்விட்டது. அவர் வரப்பில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

திரும்பும் வழியில் முருகேசன் விளக்கினார். அந்தப் பனை யாருக்கு என்று அண்ணன் தம்பி வீடுகளுக்குள் பதினோரு வருடம் தீராத சண்டை. போன ஐப்பசியில்தான் ஊரார் உட்கார்ந்து, மரம் வரப்பில் நிற்கிறது, இரண்டு வீட்டுக்கும் பொது என்று முடித்துவைத்தார்கள். நான் தள்ளிய இரண்டு விரலில் அது வரப்பை விட்டு வள்ளிக்கண்ணு வயலுக்குள் போய்விட்டது. "பங்காளி கை வைக்காம எங்க ஊர்ல முகூர்த்தக்கால் ஊன மாட்டாக மேடம். பொம்பளப்புள்ள கல்யாணம் வேற."

அன்று பகல் முழுவதும் காரைக்குடியில் தங்கியிருந்த விடுதி அறையில் படத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீர்வண்ணம் காய்ந்தால் காய்ந்ததுதான். மரத்தைப் பிடுங்கி நட முடியாது. எங்கள் கூடத்தில் ஊசி தவறினால் இன்னொரு முறை குத்தலாம், திட்டோடு போகும். ஆனால் குழாயில் ஒட்டும் பெயர்ச்சீட்டு மாறி, ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போய்விட்டால் மன்னிப்பே கிடையாது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முறைகூட நான் அதைச் செய்ததில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக, விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வள்ளிக்கண்ணுவுக்குப் போன் செய்து, நாளை விடியற்காலையில் புதிதாக வரைகிறேன், கொழுந்தனாரையும் வரச்சொல்லுங்கள் என்றேன். சொல்லிப் பார்க்கிறேன் என்றார்.

ஞாயிறு, காலை 6.15. பனி இன்னும் விலகவில்லை. புதுத் தாள். வள்ளிக்கண்ணு இன்று கண்ணாடியோடு வந்திருந்தார். சேதுவைக் காணோம். பனையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கோடு போட்டேன். ஏழு மணிக்கு மொபெட் சத்தம். சேது எங்களைப் பார்க்காமல் வரப்பில் இறங்கினார்.

"தண்ணி பாய்ச்ச வந்தேன்" என்றார்.

அறுப்புக்கு நிற்கும் வயலில் என்ன தண்ணீர் என்று எனக்கே தெரியும். நான் பென்சிலை எடுத்துப் பனையைத் தொட்டேன்.

"இன்னும் கொஞ்சம் இங்குட்டு" என்றார் சேது, முதுகுக்குப் பின்னாலிருந்து.

"போதும், அங்குட்டே இருக்கட்டும்" என்றார் வள்ளிக்கண்ணு.

"ரெண்டு பேரும் போய் மரத்துக்கு ஆளுக்கொரு பக்கம் நில்லுங்க" என்றேன், ஊசிக்குப் பயப்படுகிறவர்களிடம் பேசும் குரலில். "நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது."

போய் நின்றார்கள். அவரவர் வயல் பக்கம், நடுவில் பனை. முதல் பத்து நிமிடம் இரண்டு தூண்கள். பிறகு காற்றில் குரல் வந்தது.

"பந்தல்காரன் வந்துட்டானா மதினி?"

"எங்க வந்தான்? நீங்க ஒரு சத்தம் போட்டாத்தான் வருவான்."

அசையாமல் நின்றபடியே பந்தல்காரனை இருவரும் சேர்ந்து திட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக வண்ணம் தீட்டினேன். கண் கலங்கினால் நீர்வண்ணத்துக்கு ஆகாது.

எட்டே காலுக்குப் படம் முடிந்தது. பனை நட்டநடுவில், கோவில் முழுக்க அதற்குப் பின்னால். அடியில் இரண்டு சின்னப் பொட்டுகளாக அவர்கள். சேது வந்து நெடுநேரம் பார்த்தார். வரப்பின்மேல் நுனியிலிருந்து அடிவரை கண்ணால் நடந்தார்.

"இப்பச் சரி" என்றார். பிறகு, "மதினி, மணியாச்சு. வண்டியில ஏறுங்க. கால் ஊன வேணாமா?"

நான் முகூர்த்தக்காலுக்குப் போகவில்லை. பதினோரு வருடம் கழித்து ஒன்றாக நிற்கப் போகிறவர்கள் நடுவில் நானும் ஒரு பனையாக எதற்கு?

பகல் 11.40, காரைக்குடிப் பேருந்து நிலையம். திருச்சி வண்டியில் உட்கார்ந்ததும் செல்பேசி சிணுங்கியது. கல்யாணக் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். மஞ்சள் பூசிய கம்பில் ஏழெட்டுக் கைகள். எந்தக் கை சேதுவுடையது என்று தெரியவில்லை. மொபெட் சாவி தொங்கியதை வைத்துக் கண்டுபிடித்தேன்.

திருச்சியில் எங்கள் அடுக்ககத்து வாசலில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. யாருடைய மரம் என்று கேட்டேன், காவலாளி உதட்டைப் பிதுக்கினார். பத்து வருடமாக அதன் நிழலில் வண்டி நிறுத்துகிறேன். அதற்கு முன் ஒரு நாளும் எனக்கு அதைக் கேட்கத் தோன்றியதில்லை. இப்போது போகும்போதும் வரும்போதும் அதை நின்று பார்க்கிறேன்.

படத்தைச் சட்டம் போட்டுப் பரிசோதனைக் கூடத்தில், என் மேசைக்கு மேலே மாட்டினேன். கூட வேலை பார்க்கும் கலா நல்ல ரசனைக்காரி.

"அக்கா, அந்தப் பனைமரம் மலையை மறைக்குதே. கொஞ்சம் தள்ளி வரைஞ்சிருக்கலாம்ல?"

"முதல்ல தள்ளித்தான் வரைஞ்சேன் கலா" என்றேன். "கல்யாணமே தள்ளிப் போகப் பார்த்துச்சு."