வண்டி போவட்டும்

பக்கத்து வீட்டு ஜெனரேட்டரின் டீசல் நெடி மூக்கில் ஏறியதும், இரணியலில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த எங்கள் வீடு கண்முன் வந்து நிற்கிறது. டீசல் வண்டி கடக்கையில் சுவரும் பாத்திரங்களும் நடுங்கும். நாங்கள் கத்திப் பேசாமல், பேச்சைப் பாதியில் நிறுத்தி, கடைசிப் பெட்டி போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்.

ஒரு சாயங்காலம் அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி அம்மாவிடம், "ஏட்டி, ஒனக்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கி நிறுத்தினார். வண்டிக்காகத்தான் என்று நினைத்தோம். வண்டி போயும் காத்திருந்தோம். அதற்குள் உயிர் போயிருந்தது.

பாதையை இரட்டிப்பாக்கியபோது வீட்டை இடித்துவிட்டார்கள். இப்போது அவ்விடத்தில் மின்சார ரயில் ஓடுகிறது. கருங்கல் ஊரில் கட்டிய புதுவீட்டுக்கு எந்த ரயில் சத்தமும் எட்டாது. ஆனாலும் சாயங்காலம் அந்த நேரம் வந்தால் அம்மா பேச்சை நிறுத்திவிடுகிறாள். நான் வாய் திறந்தால் கையமர்த்துகிறாள்.

"பொறு மக்கா, வண்டி போவட்டும். அப்பா என்னமோ சொல்ல வந்தாவ."