பெஞ்சுகள் இல்லாத சர்ச்

ஆவி, அது இது என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை, நானே இன்னும் முழுதாக நம்பவில்லை.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் வெள்ளைக்காரன் காலத்துச் சர்ச் ஒன்று பூட்டிக் கிடந்தது. ஜோஸ் சேட்டன் என்கிற மலையாள ஓவியர் அதைக் குத்தகைக்கு எடுத்து, பெஞ்சுகளையெல்லாம் வெளியேற்றி, வெள்ளையடித்து, ஓவியக்கூடமாக மாற்றினார். படங்களை மாட்டுவது என் வேலை. கண்காட்சிக்கு முந்தின நாள் என் தம்பி முருகேசன் போடியிலிருந்து படங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். அப்பா அம்மா போனபிறகு எனக்கு அவன்தான், அவனுக்கு நான்தான்.

மத்தியானத்திலிருந்து விடாத மழை. ஜீப்பும் வரவில்லை, போனும் கிடைக்கவில்லை. தோட்டத்து வாட்ச்மேன்தான் நனைந்துகொண்டு ஓடிவந்தார்.

"ஆத்தா, வளைவுல மண்ணு சரிஞ்சு ஒரு ஜீப்பு உருண்டு கெடக்காம்."

நானும் ஓடினேன். ஜோஸ் சேட்டன் மறித்தார். "வேண்டா மோளே, இனியும் மண்ணு சரியும். நாங்க பாக்கறோம்."

அவர்கள் போனதும் அத்தனை பெரிய கூடத்தில் நான் மட்டும். பலிபீடம் இருந்த இடத்தில் வெறும் சுவர். அதன் முன்னால் விழுந்து தம்பியைக் கூப்பிட வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது, யாரைக் கும்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை.

அப்போது பின்னால் மரம் கிறீச்சிட்டது. ஆட்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்காருவதுபோல. இருமல், சேலை உரசல், அப்புறம் முணுமுணுப்பு. அது கூடிக்கூடி வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை வாயும் சொன்னது ஒரே வார்த்தை. முருகேசா.

திரும்பினேன். காலித் தரை. சத்தம் மட்டும் நிற்கவில்லை, காதைப் பொத்தியும் கேட்டது. பிறகு சட்டென்று அடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஜோஸ் சேட்டன் கத்தினார்.

"கிட்டி மோளே! தம்பி உயிரோட கிட்டி!"

தேனி ஆஸ்பத்திரியில், காலில் மாவுக்கட்டோடு முருகேசன் சொன்னான்.

"சேத்துக்குள்ள கண்ணு சொருகுச்சுக்கா. சொருகும்போதெல்லாம் ஒரு கூட்டமே எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. 'இந்தா வர்றேன், இந்தா வர்றேன்'னு பதில் சொல்லிக்கிட்டே கெடந்தேன். என் சத்தத்த வச்சுத்தான் என்னையத் தோண்டி எடுத்தாங்க."

கூடத்தில் கேட்டதை நான் அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது நன்றாக நடக்கிறான், பழையபடி ஜீப் ஓட்டுகிறான். ஆனால் சில நாள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நிமிர்ந்து, வாசலைப் பார்த்து, "இந்தா வர்றேன்" என்கிறான்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கூப்பிடுவதே இல்லை.