கலிங்கில் ஏறிய தண்ணீர்

அம்மாசியை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை சுற்றுகிறது. கிளியூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் நான் கணக்கெழுதி ஆட்களை வேலைக்கு அனுப்பும் ரைட்டர், அவர் வாய்க்கால் ஆள். மடை திறப்பது, சருகு வாருவது என்று பதினெட்டு வருஷம் ஓட்டியவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார்.

வாய்க்காலின் ஒரு பக்கக் கரையை இருபதடி நீளத்துக்குத் தாழ்த்திக் கலிங்கு கட்டியிருக்கிறோம். மிஞ்சும் தண்ணீர் அதன்மேல் வழிந்து ஓடைக்குப் போய்விடும். போன ஐப்பசி மழையில், கலிங்கு முடிகிற இடத்தில் தண்ணீர் கரையை மீறி, கரையோரம் குடியிருக்கும் சின்னத்தாயி வீட்டுக்குள் புகுந்தது. அம்மாசி அங்கே வாய்க்காலுக்குள் கல்லை வைத்து அடைத்திருப்பார் என்று பேச்சு கிளம்பியது. அவரோ, வழிய வழியக் கடைசிப் பக்கம் தண்ணீர் தானாக ஏறுகிறது என்றார். அட, குடத்தில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் இறங்குமா, ஏறுமா? எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

சேர்வராயன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னோம். தண்ணீர் தானாகத்தான் ஏறியது என்று சொல்லி அணைத்துவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. அம்மாசி கையை நீட்டினார். பிறகு மடக்கிக்கொண்டார்.

"கண்ணு பாத்துச்சுங்க. ஆனா எப்படி ஏறும்னு எனக்கே புரியலீங்களே. புரியாததுக்கு எப்படிங்க சத்தியம் பண்றது?"

சத்தியத்துக்குப் பின்வாங்கினால் குற்றவாளிதான் என்று ஊரே முடிவு கட்டியது. அவரைக் களையெடுக்க அனுப்பினேன். யாரும் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கலிங்கை நீட்டிக் கட்டலாமா என்று பார்க்கத் தை மாதம் சேலத்திலிருந்து கீர்த்திகா என்ற இன்ஜினியர் பெண் வந்தாள். வாய்க்காலை அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, அதற்குள்ளேயே தண்ணீரை ஓடவிட்டாள். திரையில் நீலக் கோடு கலிங்கின் கடைசிப் பக்கம் உயர்ந்து நின்றது. கல்லை எங்கே வைத்தாய் என்று கேட்டேன். கல்லே வைக்கவில்லை என்றாள். கொஞ்சம் வழிந்துபோனதும் மிச்சத் தண்ணீரின் வேகம் குறையுமாம், வேகம் குறைந்தால் மட்டம் உயருமாம், நிதானமாக ஓடும் வாய்க்காலில் அப்படித்தானாம். மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் தலையாட்டினேன். மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

அம்மாசியைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவரும் வெகுநேரம் பார்த்துவிட்டு, இன்னும் விளங்கவில்லை என்றே சொன்னார். நாளையிலிருந்து வாய்க்கால் வேலைக்கே வந்துவிடும்படி சொன்னேன். அவர் நகரவில்லை.

"அன்னைக்கு மழையில எம்பக்கத்துலதான் கொடை பிடிச்சுட்டு நின்னீங்க. நீங்களும் பாத்தீங்கதானுங்க, ரைட்டரய்யா?"

பார்த்தேன். நான்கு விரற்கடை ஏறி நின்றதை என் கண்ணாலேயே பார்த்தேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டு, சத்தியம் பண்ணு என்று அவரை முன்னால் தள்ளியவன் நான்தான்.