நாகப்பட்டினத்தோடு ஒரு ஆட்டம்

பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் ஒருவனைக் கோல்கீப்பராக நிறுத்திய கல்லூரி எங்களுடையது. அதற்குத் தலையாட்டி நின்ற அந்த ஒருவன் நான்தான். எங்கள் காரைக்கால் ஹாக்கி அணிக்கு நாகப்பட்டினத்துக் கல்லூரிதான் பரம எதிரி. எங்கள் ஊரில் மது விலை குறைவு என்பதால், அங்கே ஆடப் போகும்போதெல்லாம் செக்போஸ்டில் எங்கள் மட்டைப் பைகளைக் கொட்டிப் பார்ப்பார்கள். மைதானத்தில் இறங்கினால், "என்ன மாப்ள, பந்தை விட்டுட்ட. பாட்டிலா இருந்தா விட்டிருப்பியா?" என்று அவர்கள் கேப்டன் என்னைச் சீண்டுவான். பெரும்பாலும் நாங்கள்தான் தோற்றோம். எத்தனை கோல் என்பது, கண்ணை மூடியிருந்ததால், எனக்கு மட்டும் தெரியாது.

படிப்பு முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு, இந்த வருடம் அதே அணிக்குப் பயிற்சி கொடுக்க என்னையே கூப்பிட்டார்கள். வேறு யாரும் கிடைக்கவில்லையாம். மைதானத்தில் பாதி கார் நிறுத்தும் இடமாகியிருந்தது. மீதியில் ஏழு பையன்கள் நின்றார்கள். மற்றவர்கள் வகுப்பு முடிந்ததும் கடை வேலைக்குப் போய்விடுகிறார்கள். நாகப்பட்டினத்தோடு ஆட்டம் நடக்காவிட்டால் அணியையே கலைத்துவிடுவதாகக் கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். "சார், ஏதாவது பண்ணுங்க சார்" என்றான் ஒருவன்.

அந்தப் பழைய கேப்டன்தான் இப்போது அங்கே பயிற்சியாளர். வெட்கத்தை விட்டுப் போன் செய்தேன்.

"மாப்ள, எங்களுக்குப் பதினோரு பேர் தேறல. ரெண்டு பக்கமும் ஏழு ஏழு பேரா ஆடிக்கலாமா?"

கேலி செய்வான் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"எங்ககிட்ட நாலு பேர்தான்டா."