இலவசமாகக் கிடைத்த ‘ஆ’

எங்கள் ஊரில் முத்து இல்லாத பெயர்ப்பலகை கிடையாது. பேக்கரி, ஜெராக்ஸ் கடை, கல்யாண மண்டபம், ஆட்டோவின் பின்பக்கம், எல்லாவற்றிலும் முத்து இருக்கிறது. கடலில்தான் இல்லை. என் வயதுக்காரர்கள் யாரும் முத்துக்குளிப்பைக் கண்ணால் கண்டதில்லை. அதனால் ஒருவன் ‘முத்துக்குளிச்சவன் பேரன் நான், கடல்தான் என் கிளாஸ்ரூம்’ என்று ராப் பாடிக்கொண்டு வந்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவன் அப்பாவுக்கு ஐஸ் ஃபேக்டரி. அவன் கிளாஸ்ரூம் ஏசி போட்ட தனியார் இன்ஜினீயரிங் காலேஜ். ஒரே ஒரு முறை சிநேகிதனுடைய படகில் போயிருக்கிறான். போனதிலிருந்து வாந்தி எடுத்தான், அவனுக்காகவே படகைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வருகிற கன்டெய்னர்களுக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் தயார் செய்வது வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பீட் செய்வேன். ராப் பாடுகிறவன் வாய்க்குக் கீழே ஓடுகிற தாளம், இசை எல்லாம் சேர்ந்தது பீட். செய்ததை இணையத்தில் ஒரு பக்கம் திறந்து போட்டுவந்தேன். முகம் காட்டவில்லை. நாடார் வீட்டில் முப்பது தாண்டிய பெண் மதியம் சோற்றை வைத்துக்கொண்டு டிரம் தட்டுகிறாள் என்று தெரிந்தால் எந்தப் பெரியப்பா எந்த வாசலில் வந்து நிற்பார் என்று சொல்ல முடியாது.

‘ப்ரோ, செம்ம ப்ரோ, நம்ம ஊரா ப்ரோ?’ என்று ஒரு செய்தி வந்தது. அப்படித்தான் அவன் அறிமுகம். ஒரு பேக்கரியில் சந்தித்தோம். நான் எதிரே உட்கார்ந்த பிறகும் அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்கதானா அக்கா? நான் யாரோ அண்ணன்னுல்லா நெனச்சேன்.”

“நானும் யாரோ பாடகன்னு நெனச்சேன்” என்றேன்.

அவனுக்கு உறைக்கவில்லை. கழுத்தில் தடித்த சங்கிலி, அதில் பிளாஸ்டிக் முத்து. ஆல்பம் போடப் போகிறேன், பீட் எல்லாம் நீங்கள்தான் என்றான். உடனே ஒத்துக்கொண்டேன். அவனை மதித்து அல்ல. பல வருஷமாக நான் செய்து போட்டதெல்லாம் துண்டு துண்டாகவே கிடந்தது. ஒரு முழு ஆல்பம் வேண்டும், அதில் ‘இசை’ என்று போட்டுப் பக்கத்தில் என் பெயர் இருக்க வேண்டும். அந்த ஒரு வரிக்காக இவனைச் சகித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஆல்பம் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை. பத்துப் பாட்டை ஒரே ஃபோல்டரில் போட்டால் ஆல்பம் என்று நினைத்திருந்தான். நான் சொல்லிப் பார்த்தேன். இந்தச் சங்கீதம் பிறந்ததே கடன் வாங்கித்தான். வாத்தியம் வாங்க வழியில்லாத பிள்ளைகள் பழைய இசைத்தட்டுகளில் டிரம் மட்டும் தனியாக வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, அதையே திரும்பத் திரும்ப ஓட்டி, மேலே பேசினார்கள். பிறகு சில நொடிச் சத்தத்தைப் பிடித்து வைக்கிற மெஷின் வந்தது. ஊர்ப்பட்ட தட்டுகளிலிருந்து துணுக்குத் துணுக்காக எடுத்துத் தைத்து முழு ஆல்பங்கள் செய்தார்கள். எந்தத் துணுக்கு எந்தத் தட்டு என்று செய்தவர்களுக்கே மறந்துபோனது. அப்புறம், எங்கள் தட்டுக்குக் காசு எங்கே என்று வக்கீல்கள் வந்தார்கள். இவ்வளவையும் நான் சொல்லி முடித்ததும் அவன் கேட்டது:

“இதுல நமக்கு எத்தன வியூஸ் வரும் அக்கா?”

வக்கீல்களுக்குப் பிறகு வந்தது இலவச சாம்பிள். யாரோ எங்கோ வாசித்த ஒரு கிட்டார் துண்டு, ஒரு டிரம் அடி, நாலு பெண்கள் சேர்ந்து பாடிய ஒரு ‘ஆ’. மூட்டை மூட்டையாக இணையத்தில் கிடக்கும். எடுத்துக்கொள், கேட்க வேண்டாம் என்று எழுதியிருக்கும். கீழே பொடி எழுத்தில் ஒரே நிபந்தனை: இதை உன் சொந்தச் சத்தம் என்று எங்கும் பதிவு செய்யாதே. எல்லோருக்கும் பொதுவானதைச் சுற்றி ஒருவன் வேலி போட்டுவிடக் கூடாது என்பதற்காக. பீட் செய்கிறேன் என்று திரிகிறவர்களில் அந்தப் பொடி எழுத்தைப் படித்தவனை நான் பார்த்ததில்லை. மூட்டையைப் பிரிப்பார்கள், முதலில் கையில் வருவதை அப்படியே இழுத்துப் போடுவார்கள், ‘புரொட்யூசர்’ என்று பேர் வைத்துக்கொள்வார்கள். ரெடிமேட் சட்டையில் பித்தானை மாற்றித் தைத்துவிட்டு டெய்லர் என்று போர்டு மாட்டுகிற கூட்டம்.

எங்கள் கடல்வீரருக்கு நம்ம ஊர்ச் சத்தம் வேண்டுமாம். பைக்கை எடுத்துக்கொண்டு ஹார்பர் பீச்சுக்குப் போய் போனில் பதிவு செய்து கொண்டுவந்தான். கேட்டால் காற்று. காற்றுக்கு நடுவில் அவன் சிநேகிதர்கள் சிப்ஸ் பாக்கெட் பிரிக்கிற சத்தம். கப்பல் ஹாரன் ஒன்றுகூட அதில் இல்லை. நான் ஒரு இலவச மூட்டையிலிருந்து ஹாரன் எடுத்து வைத்தேன். பனி கொட்டுகிற ஏதோ தேசத்துத் துறைமுகம் என்று அதன் விவரத்தில் போட்டிருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

“இது நம்ம ஹார்பர் ஹாரன்லா. பொறந்ததுல இருந்து கேக்குதேன், எனக்குத் தெரியாதோ?”

அவன் சந்தோஷத்தை நான் கெடுக்கவில்லை. தினமும் துறைமுக வாசலுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறவள் நான் என்பதும் அவனுக்கு நினைவில்லை.

ஒன்பது பீட்டை அவன் தரத்துக்குச் செய்தேன், சங்கிலிக்குப் பொருத்தமாக. ஏழாவது பாட்டை மட்டும் எனக்காகச் செய்தேன். முங்கிப்போகிற ஒருவனைப் பற்றிய பாட்டு அது. வரிகள் குப்பைதான், ஆனால் விஷயம் பெரியது. நாலு பெண்களின் அந்த ‘ஆ’வை எடுத்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பகல்களை எல்லாம் அதற்கே கொடுத்தேன். அவன் வந்து அதன்மேல் வாய் கிழியக் கத்திவிட்டுப் போனான். பாதி இடத்தில் பீட் காதிலேயே விழவில்லை. ஆல்பத்தின் தொடக்கத்தை மட்டும் தானே செய்வேன் என்று அடம்பிடித்தான். செய்தான். அதே ‘ஆ’வை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே இழுத்துப் போட்டு, மேலே தன் பேரை எட்டு விதமாகச் சொல்லி, ‘கடலுக்கே அப்பன்’ என்று தலைப்பும் வைத்தான்.

ஆல்பம் வெளிவந்த அன்று ஆபீஸில் போனில் திறந்து பார்த்தேன். பாடல், அவன். இசை, அவன். நன்றி என்று ஒரு நீளப் பட்டியல். ஜிம் நண்பர்கள்வரை இருந்தார்கள். நான் இல்லை. வெளியே வந்து அவனைக் கூப்பிட்டேன்.

“அக்கா, தப்பா எடுக்காதிய. எல்லாமே ஃப்ரீ சாம்பிள்தான? எவனோ வாசிச்சத இழுத்து ஒட்டி வச்சிருக்கிய. அதுக்குப் போயி பேரு போடச் சொல்லுதீயளே, பாக்கவன் சிரிக்க மாட்டானா?”

போனை வைத்த பிறகு வந்த வசவுகளை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டேன், என்றைக்காவது நேரில் சொல்லலாம் என்று.

அடுத்த வாரம் என் பக்கத்துக்கு அறிவிப்பு வந்தது. பாடகன் இல்லாமல் பீட் மட்டுமாக ஏழாவதை நான் என் பக்கத்தில் போட்டிருந்தேன். அது இன்னாருடைய ஆல்பத்துக்குச் சொந்தமான ஒலி என்று சொல்லி, நிறுத்தி வைத்துவிட்டார்கள். நடந்தது இதுதான்: ஆல்பத்தைப் பதிவேற்றும்போது ‘எல்லா ஒலியும் என் சொந்தப் படைப்பு, வேறு எங்கு கேட்டாலும் பிடியுங்கள்’ என்ற கட்டத்தில் அவன் டிக் அடித்திருக்கிறான். கட்டம் என்று கண்டால் டிக் அடிக்கிற ஜாதி. எடுத்தவனுக்கு என் பெயரைப் போடக் கூச்சம். தன் பெயரைப் போட்டு வேலி கட்டக் கூச்சமில்லை. இப்போது நான்தான் திருடி.

ஆட்சேபணை இருந்தால் எழுதலாம் என்று ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். எழுதினேன். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுதினேன். ‘ஆ’ இலவசமாகக் கிடைத்தது, அது என்னுடையது இல்லை, அவனுடையதும் இல்லை. நான் செய்தது வேறு. அதைத் தலைகீழாகத் திருப்பினேன். சுருதியை இறக்கினேன். பாடுகிறவர்களில் ஒருத்தி அடுத்த ‘ஆ’வுக்காக மூச்சிழுக்கிற இடம் ஒன்று இருந்தது, அந்த மூச்சை மட்டும் தனியே வெட்டி எடுத்தேன். பாட்டு முழுக்கத் தாளத்தை அந்த மூச்சின்மேல்தான் கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் அது கொஞ்சம் பிந்தி வரும், தண்ணீருக்குள் இருக்கிறவனுக்கு மூச்சு முட்டுகிற மாதிரி. இதை எல்லாம் எழுதும்போதே, எந்த வெளிநாட்டு ஆபீஸில் எவன் படிக்கப் போகிறான் என்று என்மேலேயே எனக்கு இளக்காரமாக இருந்தது. ஆனாலும் அனுப்பினேன்.

எங்கள் ஆபீஸில் கணக்கு பார்க்கிற அக்கா அவனுடைய பங்கை, அதாவது அவன் குடும்பம் போகிற மாதா கோயிலைச் சேர்ந்தவர், அங்கே பாடகர் குழுவில் இருக்கிறவர். ஒருநாள் காலையில் வந்து பையைக்கூட வைக்காமல் சொன்னார்.

“ஏளா, கூத்தக் கேட்டியா? நாங்க திருவிழாவுக்குப் பாடி நெட்ல போட்டமே, அந்த மாதா பாட்டு, அது இப்ப கடலுக்கே அப்பனுக்குச் சொந்தமாம்.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கோயில் கீபோர்டுக்காரரும் அதே இலவச மூட்டையைப் பிரித்திருக்கிறார், அதே ‘ஆ’வை மாதா பாட்டுக்கு அடியில் அப்படியே விரித்திருக்கிறார். வேலி அதையும் வளைத்துவிட்டது. பங்கு முழுக்கப் பேச்சு இதுதான். பங்குச் சாமி, அந்தக் கோயில் ஃபாதர், அவனைக் கூப்பிட்டு அனுப்பினாராம். அவன் அம்மாவும் அதே குழுவில் பாடுகிறவர். சாமி இருக்கிற பங்களாவுக்குள் போகும்போதே அழுதிருக்கிறார்.

“சாமி என்ன சொன்னாவ?” என்று கேட்டேன்.

“என்னத்தச் சொல்ல? மாதாவையே கேஸ்ல இழுத்துட்டியடேன்னு சொல்லியிருக்காவ. அவன் தலயத் தூக்கல.”

மத்தியானம்வரை எனக்குக் கஸ்டம்ஸ் பேப்பரில் ஒரு வரி ஓடவில்லை. அவ்வளவு சந்தோஷம். ஆள் தெரியாத ‘அக்கா’வின் பேரை விழுங்கியவன் மாதாவிடம் மாட்டிக்கொண்டான்.

ஆல்பத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டான். ஆனால் எடுத்தால் மட்டும் போதாதாம். பிடிபட்டவர்கள் எழுதிய ஆட்சேபணைகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்து, விடுவிக்கிறேன் என்று அவனே சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஆபீஸ் எதுவும் இல்லை. நான் எழுதியது நேரே போய்ச் சேர்ந்த இடம் அவன்தான். இது எனக்கு அவன் போன் செய்த பிறகுதான் தெரியும். என் பீட் திருட்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிற இடத்தில் அவனை உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள்.

ஆபீஸ் மாடிப்படியில் நின்று போனை எடுத்தேன். சேர்த்து வைத்த வசவுகள் வரிசையாகத் தயாராக இருந்தன.

“அக்கா, விட்டுட்டேன். ஒங்களத விட்டுட்டேன்.”

“சரி.”

“நீங்க எழுதுனதப் படிச்சேன். இம்புட்டுமா செஞ்சிய அதுல?”

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன்.

“என் கொரல எடுத்துட்டு, நீங்க போட்டது மட்டும் கேட்டேன். ரெண்டு மூணு தடவ கேட்டேன். எனக்கு ஒண்ணு தட்டுது, தப்பா இருந்தா சொல்லுங்க. அந்த மூச்சு பிந்திப் பிந்தி வருதுல்லா, கடைசிச் சுத்துல அது வரவே இல்லியே அக்கா. அந்த முங்குனவன் மேல வரலியா?”

அதை நான் ஆட்சேபணையில் எழுதவில்லை. யாருக்கும் சொன்னதும் இல்லை. ஆல்பம் போய்விட்டது, நான் ஆசைப்பட்ட அந்த வரி இனி எங்கும் வரப்போவதில்லை. இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒன்றைக் கடைசிவரை காது கொடுத்துக் கேட்ட ஆள் இவன், பிளாஸ்டிக் முத்து மாட்டிக்கொண்டு வாந்தி எடுத்தவன். எனக்கு அழுகை வந்தது. இவனால்தானா அது வர வேண்டும் என்று ஆத்திரமாகவும் இருந்தது.

“ஆமா, வரல” என்றேன்.